ஆழ்கடல் கோரிலிருந்து சாம்பிள் கேட்பது எப்படி?

கடலடியைத் துளையிட்டு ஆராய்ந்துவந்த ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பல் 2024 ஆகஸ்டில் கடைசி ஆய்வுப் பயணத்தை முடித்ததிலிருந்து, என்னிடம் வரும் ஜியாலஜி மாணவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இனி கடலடித் துளையிடலில் எங்களுக்கு என்ன வேலை?" நிறையவே இருக்கிறது. 1968-இல் குளோமர் சேலஞ்சர் கப்பல் தொடங்கிவைத்த காலம் முதல் எடுத்த கோர்கள், அதாவது கடலடியைத் துளைத்து எடுத்த நீண்ட உருளை வடிவ வண்டலும் பாறையும், ஜெர்மனியின் பிரெமன், டெக்சாஸின் காலேஜ் ஸ்டேஷன், ஜப்பானின் கோச்சி ஆகிய இடங்களில் குளிரறைக் களஞ்சியங்களில் இருக்கின்றன. நம் இந்தியப் பெருங்கடல் கோர்கள் கோச்சியில். (கேரளத்துக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.)

முதலில் லேபிளைப் படிக்கப் பழகுங்கள். 353-U1446A-5H-3W, 45–47 செ.மீ. என்று இருக்கிறதா? 353 என்பது பயண எண். 2014 இறுதியில் சிங்கப்பூரிலிருந்து வங்கக்கடலுக்குப் புறப்பட்ட பருவமழை ஆய்வு. U1446 மகாநதிப் படுகைக்கு எதிரே உள்ள தளம். A அங்கே போட்ட முதல் துளை. 5H ஐந்தாவது கோர். H என்றால் சுழற்றாமல் பிஸ்டனால் ஒரே குத்தில் இறக்கியது, மென்மையான சேற்றுக்கு ஏற்றது. R என்றிருந்தால் சுழற்றிக் குடைந்த கோர், படிவு உடைந்திருக்கலாம். 3 மூன்றாவது துண்டு. முழுக்கோர் சுமார் 9.5 மீட்டர், அதை 1.5 மீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் முருங்கைக்காய் போல நீளவாக்கில் பிளப்பார்கள். W என்ற பாதியில்தான் சாம்பிள் எடுக்கலாம். A என்ற பாதி ஆவணம், பொதுவாக அதில் கைவைக்க விடமாட்டார்கள்.

ஆழத்தைக் கணக்கிடுவது எளிது. மேலே இரண்டு துண்டுகள், அதாவது 3 மீட்டர். அதோடு 45 செ.மீ. ஆக, கோரின் உச்சியிலிருந்து 3.45 மீட்டர். உச்சி கடற்படுகையிலிருந்து எத்தனை மீட்டர் கீழே என்பது பயண அறிக்கையில் இருக்கும், கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு கோருக்கும் அடுத்ததற்கும் நடுவே எப்போதும் கொஞ்சம் விட்டுப்போகும். அதனால்தான் அருகருகே A, B, C என்று துளை போட்டு, ஒன்றில் விட்டதை இன்னொன்றிலிருந்து எடுத்து ஒட்டுகிறார்கள். இந்த ஒட்டுப் பட்டியலைப் பார்க்காமல் ஒரே துளையை நம்பி விண்ணப்பித்தால், உங்கள் காலவரிசையில் பல நூறு ஆண்டுகள் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும்.

அப்புறம் இடைவெளி. ஆயிரம் ஆண்டுக்கு 10 செ.மீ. வண்டல் படியும் இடத்தில் 10 செ.மீ.க்கு ஒரு சாம்பிள் எடுத்தால், ஆயிரம் ஆண்டுக்கு ஒரு புள்ளி கிடைக்கும். நூறாண்டு அளவிலான பருவமழை மாற்றம் வேண்டுமென்றால் அது உதவாது. இந்தக் கணக்கை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். "அதிகம் தேவை" என்ற வார்த்தையைவிட இதைத்தான் களஞ்சியப் பொறுப்பாளர் மதிப்பார். ஒவ்வொன்றிலும் எத்தனை கன செ.மீ. என்பதையும் குறைத்தே கேளுங்கள், போன சேறு திரும்பாது. படங்களும் காந்த ஏற்புத்திறன் (வண்டல் எவ்வளவு எளிதில் காந்தமாகும் என்பது) அளவீடுகளும் இணையத்தில் இலவசம். அவற்றைப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

எதிர்காலமும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. 2025-இல் ஐரோப்பாவும் ஜப்பானும் தொடங்கிய புதிய திட்டத்தில், கப்பலே ஏறாமல் பழைய கோர்களை மட்டும் வைத்து நடத்தும் ஆய்வுகளுக்கும் தனி இடம் உண்டு. சீனாவின் மெங் சியாங் கப்பல் 11 கி.மீ. வரை துளையிடும் நோக்கத்தோடு 2024-இல் வந்திருக்கிறது. பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மேன்டில் அடுக்கை எட்டும் கனவு பெரிதுதான். ஆனால் ஒரு எம்.எஸ்சி. மாணவருக்கு ஜிப்லாக் பையில் வரும் பத்து கன சென்டிமீட்டர் சேறு போதும்.

பை வந்ததும் உலர்த்தி எடை போட்டு, 63 மைக்ரான் சல்லடையில் மெல்லிய தண்ணீர் விட்டு அலசுங்கள். தங்குவதில் ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணிய ஒருசெல் கடலுயிரிகளின் ஓடுகள் மின்னும். ஒவ்வொரு சாம்பிளுக்கும் சல்லடையை நன்றாகக் கழுவிவிட்டே அடுத்ததைத் தொடுங்கள்.