செயலிக்குள் திறக்கும் பக்கத்துக்கு ப்ராக்ஸி வைப்பது

மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்துக்கு ஆண்ட்ராய்டு செயலி செய்துகொண்டிருந்தேன். அங்கே இணையம் ஸ்குவிட் என்ற ப்ராக்ஸி (இடையில் நிற்கும் சர்வர்) வழியாகத்தான், முகவரி 192.168.1.10, போர்ட் 3128. செயலிக்குள்ளேயே இணையப் பக்கத்தைக் காட்டும் வெப்வியூவில் திறக்கும் பக்கம் மட்டும் வெள்ளையாகவே நின்றது.

வைஃபை அமைப்பில் ப்ராக்ஸியை 'மேனுவல்' என மாற்றி முகவரியும் போர்ட்டும் கொடுத்தால் வெப்வியூ அதை எடுத்துக்கொள்ளும். ஆனால் நூறு மாணவர்களின் போனில் அதை யார் செய்வது? செயலியிலேயே வைப்பதுதான் சரி.

அதற்கு ஆண்ட்ராய்டுஎக்ஸ் வெப்கிட் என்ற நிரல் நூலகத்தைச் சேருங்கள். முதலில் 'ப்ராக்ஸி ஓவர்ரைடு' வசதி (செயலியே ப்ராக்ஸியை மாற்றுவது) அந்த போனில் உண்டா என்று அதிலுள்ள வெப்வியூ ஃபீச்சர் கிளாஸிடம் கேளுங்கள். பழைய வெப்வியூவில் இருக்காது. இருந்தால், ப்ராக்ஸி கான்ஃபிக் பில்டரில் முகவரியை விதியாகச் சேர்த்து, ப்ராக்ஸி கன்ட்ரோலரிடம் கொடுங்கள்.

நான் இரண்டு நாள் தொலைத்தது இங்கேதான். கொடுத்த அடுத்த வரியிலேயே பக்கத்தை ஏற்றினேன். அது பழைய வழியிலேயே ஓடியது. ஆற்றில் ஷட்டரைத் தூக்கியதும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்துவிடுமா? மாற்றம் முடிந்ததும் அழைக்கப்படும் லிசனருக்குள்தான் பக்கத்தை ஏற்ற வேண்டும்.

உள்வலை முகவரிகள் ப்ராக்ஸி வழியே போகாமல் இருக்க, அவற்றை பைபாஸ் விதியில் போடுங்கள். அப்புறம், இந்த மாற்றம் செயலியின் எல்லா வெப்வியூவுக்கும் பொருந்தும். வெப்வியூ இல்லாமல் ஓகேஹெச்டிடிபி என்ற நிரல் நூலகம் வழியே போகும் கோரிக்கைகளுக்கு ப்ராக்ஸியைத் தனியாக வைக்க வேண்டும்.