தீர்ப்பு தேடும்போது இதையும் பாருங்க

பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டா என்று தீர்ப்புகளைத் தேடித் தரும் 'இந்தியன் கானூன்' தளத்தில் சும்மா தட்டினால் தீர்ப்புகள் வந்து குவியும். 'டாட்டர் ப்ராப்பர்ட்டி' என்று தேடுவதைவிட, சட்டத்தின் பெயரையும் பிரிவு எண்ணையும் சேர்த்துப் போடுங்கள்: இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 6. கூடவே 'கோபார்செனர்' (குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு உள்ளவர்) என்ற சொல்லும் இருக்கட்டும், நீதிபதிகள் எழுதுவது அதைத்தான். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். சொற்றொடராகத் தேடினால் இரட்டை மேற்கோள் குறி அவசியம்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். 2015இல் வந்த பிரகாஷ் எதிர் புலாவதி என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மகளுக்குச் சம பங்கு தரும் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றது. இன்றும் தேடலில் அது வரும். அதை மட்டும் படித்துவிட்டு 'நமக்குப் பங்கு இல்லை போல' என்று ஒதுங்கிவிடாதீர்கள். 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அது செல்லாது என்று தள்ளிவிட்டது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, தந்தை அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எந்தத் தீர்ப்பைத் திறந்தாலும் மேலே 'சைட்டட் பை' என்ற இணைப்பு இருக்கும். அதைச் சொடுக்கினால் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் இதைக் குறிப்பிட்டிருக்கின்றன என்று தெரியும். அவற்றில் புதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை முதலில் படியுங்கள்.

வக்கீலிடம் கொடுப்பதற்கு, உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளை வெளியிடும் இ-எஸ்சிஆர் (e-SCR) தளத்தில் அதிகாரபூர்வப் பிரதி இலவசமாகவே கிடைக்கிறது.