ஆடிய மட்கார்டும் அணைந்த டெயில் லைட்டும்

அப்பாவின் பழைய இருசக்கர வண்டியில் குறுவை அறுவடை முழுக்க நெல் மூட்டை ஏற்றினேன். பின் மட்கார்டு கடகடவென்று ஆட ஆரம்பித்தது. டெயில் லைட்டும் விட்டுவிட்டு எரிந்தது. பல்பு போய்விட்டது என்று திருவையாற்றில் புதுசு வாங்கிப் போட்டேன். தண்டச் செலவு.

சீட்டைக் கழற்றிய பிறகுதான் விஷயம் புரிந்தது. மட்கார்டு போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையமான புஷ் நைந்து, போல்ட் ஓட்டை முட்டை வடிவத்தில் விரிந்திருந்தது. இந்த வண்டியில் விளக்குக்கு எர்த், அதாவது மின்சாரம் திரும்பும் வழி, அந்த மட்கார்டுத் தகரம்தான். துருவும் ஆட்டமும் சேர்ந்தால் எப்படி எரியும்? உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்தேன். சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி புஷ்ஷாக வைத்து, இருபுறமும் அகல வாஷர் கொடுத்து, 6 எம்.எம். போல்ட்டை அதிர்வில் எளிதில் கழலாத நைலாக் நட்டால் முடுக்கினேன். எர்த்துக்குத் தனி ஒயர் இழுத்து வண்டியின் சேஸிஸ் சட்டத்தில் மாட்டினேன்.

இரண்டு மழை பார்த்தாயிற்று, ஆட்டம் இல்லை. சம்பா அறுவடைக்குள் நிஜ புஷ் வாங்கிப் போடணும்.