அலுமாரியை நகர்த்தினேன்

கொழும்பு வெள்ளவத்தையில் என் வாடகை அறைக்கு ஒரே யன்னல். அதையும் அலுமாரி பாதி மறைத்திருந்தது. வீட்டிலிருந்தே வேலை. மத்தியானமானால் எதிலும் மனம் ஒட்டாது, காரணமில்லாமல் எரிச்சல் வரும். இரத்தம்கூடச் சோதித்தேன், குறை ஒன்றுமில்லை.

அப்புறம்தான் அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வை வாசித்தேன். பித்தப்பை சத்திரசிகிச்சைக்குப் பின், யன்னலால் மரம் தெரிந்த நோயாளிகள் செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்களாம். சரி, செலவில்லாத வைத்தியம்தானே!

அலுமாரியைத் தள்ளினேன் (பின்னால் மூன்று வருடத் தூசியும் தொலைந்த ஒற்றைச் செருப்பும்). மேசையை யன்னலடிக்கு இழுத்தேன். பக்கத்து வளவு முருங்கையில் அணில் ஓடுவது தெரிகிறது. பின்னேரம் மரைன் டிரைவில் அரைமணி நடை, கடற்காற்று, கரையோர ரயிலின் இரைச்சல். எரிச்சல் முழுக்கப் போகவில்லை. ஆனால் மத்தியானத் தேத்தண்ணி மூன்றிலிருந்து ஒன்றாகிவிட்டது.