மழைக்காலத்தில் வயதான நாயைப் பார்த்துக்கொள்வது எப்படி? பினாங்கு வீடுகளுக்கு ஒரு செய்முறை

வயதான நாயைக் குளிர்காலத்தில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இணையத்தில் தேடினால், பனி கொட்டும் ஊர்களுக்கான யோசனைகள்தான் நிறைய கிடைக்கும். கம்பளிச் சட்டை போடுங்கள், பாதத்துக்கு உறை மாட்டுங்கள், பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு காலைப் புண்ணாக்கும், வீட்டுக்கு வந்ததும் கழுவுங்கள் என்பார்கள். அந்த ஊர்களுக்கு அவை தேவைதான். பினாங்கில் நம் நாய்களைப் பாடாய்ப் படுத்துவது மழை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மாலையானால் வானம் இருட்டிக்கொள்ளும். போர்ச் முழுக்கச் சாரல், வீட்டுக்குள் ஈர டைல்ஸ், இரவில் இடி.

எங்கள் ஆயர் ஈத்தாம் வீட்டு பிளாக்கிக்கு 13 வயது. பின்னங்கால் மூட்டு தேய்ந்திருக்கிறது. அவனைப் போன்ற நாய்களை மழைக்காலத்தில் முடக்குபவை இரண்டு: வழுக்கும் தரை, நடக்காமலே கிடப்பது. ஒருமுறை வழுக்கி விழுந்த நாய் நடக்கவே பயப்படும். நடக்காவிட்டால் தசை வற்றும். தசை வற்றினால் மூட்டு தாங்காது, மறுபடியும் விழும். இந்தச் சுழலில் நாய் சிக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி.

பெரிய இன நாய்களுக்கு 7 வயதிலேயே முதுமை தொடங்கிவிடும். சிறிய இனங்களுக்கு 10, 11 ஆகலாம். எழுந்திருக்க நேரம் எடுப்பது, காரில் ஏறத் தயங்குவது, ஒரே மூட்டைத் திரும்பத் திரும்ப நக்குவது, இவையெல்லாம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். “வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அது வலி. வலிக்கு மருந்து உண்டு.

படி 1: மழை தொடங்கும் முன் கிளினிக்

ஆகஸ்டிலேயே விலங்கு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மூட்டு வலி மருந்து நீண்ட நாள் கொடுப்பதாக இருந்தால், சிறுநீரகமும் கல்லீரலும் தாங்குமா என்று முதலில் ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள். எலிக் காய்ச்சல் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரிலிருந்து இந்த நோய் வரும், மனிதர்களுக்கும் தொற்றும். முதல்முறை போடும் நாய்க்குச் சில வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. அதனால்தான் முன்கூட்டியே போகச் சொல்கிறேன். கொசு கடித்தால் நாய்க்கு இதயப் புழு வரலாம். அதற்கான தடுப்பு மருந்தை, ரத்தத்தில் ஏற்கெனவே புழு இல்லை என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நமக்குத் தலைவலி வந்தால் போடுகிற பெனடோல், உடம்பு வலிக்கு விழுங்கும் இபுப்ரோஃபென், இரண்டுமே நாய்க்கு ஆபத்து. தைலமும் வேண்டாம். நம் வீட்டுப் பெரியவர்கள் பாசத்தோடுதான் நாயின் காலில் கோடாலித் தைலம் தேய்க்க வருவார்கள். ஆனால் நாய் அதை நக்கிவிடும். கற்பூரமும் யூக்கலிப்டஸ் எண்ணெயும் அதன் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. பாட்டியிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் ஒத்தடம் கொடுக்கட்டும். அவர்களுக்கும் மனசு நிறையும்.

படி 2: தரை

முழு நேரத்தையும் இதற்கே கொடுத்தாலும் தகும். டைல்ஸ் தரை நமக்குக் குளுகுளுவென்று இருக்கும், முதிய நாய்க்கோ அது பனிக்கட்டி மாதிரி. நாயின் ஒரு நாளைப் பின்தொடர்ந்து பாருங்கள்: எங்கே படுக்கிறது, தண்ணீர் எங்கே, எந்தக் கதவு வழியாக வெளியே போகிறது, எங்கே சிறுநீர் கழிக்கிறது. அந்தப் பாதை முழுக்க வழுக்காத விரிப்பு போட வேண்டும். அடியில் ரப்பர் வைத்த கால்மிதி, குழந்தைகள் விளையாடும் ஃபோம் பாய், நீளவாக்கில் வெட்டிய பழைய யோகா பாய், எதுவானாலும் சரி. நடுவில் இடைவெளி மட்டும் விடாதீர்கள். ஒரு பாயிலிருந்து இன்னொன்றுக்கு எட்டிக் கால் வைக்கும்போதுதான் பின்னங்கால்கள் இரு பக்கமும் விரிந்து சரியும். ஓரம் சுருண்ட பாயும் கால் தடுக்கும்.

போர்ச்சில் நனைந்த சிமெண்டுத் தரைக்கு, நீர் வடியும்படி ஓட்டை போட்ட ரப்பர் பாய் நல்லது. வாசற்படி உயரமாக இருந்தால் அகலமான பலகையைச் சரிவாக வைத்து, மேலே பாயை ஒட்டிவிடுங்கள். சரிவு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மாடிப்படிக்கு ஒரு தடுப்புக் கதவு போட்டுவிடுங்கள்.

அடுத்தது பாதம். நடக்கும்போது டைல்ஸில் டக் டக் என்று சத்தம் வந்தால் நகம் நீண்டுவிட்டது என்று அர்த்தம். நீண்ட நகம் விரல்களைத் தூக்கிவிடுவதால் பாதம் தரையைப் பற்றாது. கறுப்பு நகத்துக்குள் ரத்த நாளம் எங்கே இருக்கிறது என்று வெளியே தெரியாது, முதல்முறை கிளினிக்கில் வெட்டச் சொல்லிப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். பாத மெத்தைகளுக்கு இடையே வளரும் முடியை முனை மழுங்கிய கத்தரியால் சமமாக வெட்டிவிட்டால் வழுக்குவது நன்றாகவே குறையும்.

படி 3: படுக்கை

போர்ச்சிலேயே படுத்துப் பழகிய நாயாக இருந்தாலும் இந்த மாதங்களில் உள்ளே கொண்டுவாருங்கள். தடிமனான ஃபோம் மெத்தை வேண்டும். கைமுட்டியால் அழுத்திப் பாருங்கள், தரை தட்டினால் அது போதாது. உறை குறைந்தது இரண்டு வைத்திருங்கள், மழை நாளில் துணி காயாது.

போர்வை, கம்பளிச் சட்டை எதுவும் தேவையில்லை. மழை பெய்தாலும் நம் ஊர் புழுக்கம்தான். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கும், காற்றில் ஈரம் கூடினால் அதுவே சிரமமாகிவிடும். மழைக்கோட்டு போட்டு வெளியே கூட்டிப்போனால் வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

படி 4: நடை

நடையை நிறுத்தவே கூடாது. அரை மணி நேரம் ஒரே மூச்சாக நடந்ததைப் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை பிரியுங்கள். மழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் பிடிக்கிறது, காலையை விட்டுவிடாதீர்கள். வானிலைத் துறையின் மைசுவாச்சா (myCuaca) செயலியில் இடி மழை எச்சரிக்கை வரும், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றும் ஹார்னஸ் மாட்டுங்கள். பின்னங்கால் தள்ளாடினால் நீளத் துண்டு ஒன்றை வயிற்றுக்கு அடியில் கொடுத்து லேசாகத் தூக்கிப் பிடிக்கலாம். லோங்காங் (சாக்கடை) ஓரத்திலும் தேங்கிய நீரிலும் நடக்கவிடாதீர்கள், குடிக்கவும் விடாதீர்கள். விடாமல் கொட்டுகிற நாளில் அடுக்குமாடியின் கீழ்த்தளமோ மூடிய கார் நிறுத்துமிடமோ போதும். மோந்து பார்க்க நின்றால் இழுக்காதீர்கள், அதற்கு அதுதான் சந்தோஷம்.

வயதான நாயால் சிறுநீரை நெடுநேரம் அடக்க முடியாது. சாரல் படாத மூலையில் செயற்கைப் புல் துண்டு ஒன்றைப் போட்டு, நாயின் சிறுநீர் வாசனை பட்ட காகிதத்தை வைத்து, மழை தொடங்கும் முன்பே பழக்குங்கள். வீட்டுக்குள் சிறுநீர் போய்விட்டால் திட்டாதீர்கள், பாவம், அதன் கையில் இல்லை.

படி 5: துவட்டுவது

துண்டால் அழுத்தி ஒற்றி எடுங்கள், முரட்டுத்தனமாகத் தேய்க்க வேண்டாம். விரல் இடுக்கு, அக்குள், அடிவயிறு, காதின் உள்மடல், இந்த நாலு இடத்தில்தான் ஈரம் தங்கும். காதுக்குள் பஞ்சுக்குச்சி விடாதீர்கள். விரலிடுக்கு சிவந்து புளித்த வாடை வந்தால் பூஞ்சையாக இருக்கலாம், கிளினிக்கில் காட்டுங்கள். துவட்டும்போதே உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிடலாம்.

படி 6: இடியும் தீபாவளியும்

காது மந்தமான நாய்க்கும் இடியின் அதிர்வு தெரியும், மின்னல் தெரியும். திரைச்சீலை மூடிய அறை, ஓடும் மின்விசிறி, கொஞ்சம் டிவி சத்தம் இருந்தால் போதும். மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டால் இழுக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். ஆறுதல் சொன்னால் பயம் கூடிவிடும் என்று சிலர் சொல்வார்கள், அப்படி ஒன்றும் ஆகாது. சங்கிலியில் கட்டிவைப்பதுதான் ஆபத்து, மிரண்டு ஓடினால் கழுத்து இறுகிவிடும். மிகவும் நடுங்குகிற நாய்க்கு மருத்துவர் மருந்து தருவார், பண்டிகைக்கு முந்தின நாள் வரை காத்திருக்காமல் கேளுங்கள்.

பட்டாசும் இதே மாதங்களில்தான் வருகிறது. விருந்தாளிகள் ஆசையாக ஊட்டிவிடுவார்கள். பாயசத்துத் திராட்சை, சாக்லேட், வெங்காயமும் பூண்டும் போட்ட ஆட்டுக்கறிக் குழம்பு, வெந்த எலும்பு எதுவுமே கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். நடை குறைந்த மாதங்களில் வழக்கமான சோற்றையும் சற்றுக் குறைக்க வேண்டும். தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் ஏறி, சோர்ந்து படுத்து, சாப்பாட்டையும் மறுத்தால் அன்றைக்கே கொண்டுபோங்கள். ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். வாந்தியோடு கண்ணோ ஈறோ மஞ்சளித்தால் எலிக் காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும், அப்போது அதன் சிறுநீரைக் கையுறை போட்டுத்தான் துடைக்க வேண்டும். எழுந்திருக்கவே முடியாவிட்டாலும், நாள் முழுக்கச் சிறுநீர் போகாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம்.

வெள்ளப் பை

2017 நவம்பரில் பினாங்கில் ஒரே இரவில் வெள்ளம் ஏறியது நினைவிருக்கும். மூட்டு வலியுள்ள நாயால் நீந்தித் தப்பிக்க முடியாது. தாழ்வான இடத்தில் இருப்பவர்கள், நாயோடு வந்து தங்க மேட்டிலோ மாடியிலோ ஒரு சொந்தக்காரர் வீட்டை இப்போதே பேசி வையுங்கள், நிவாரண மையத்தில் நாய்க்கு இடம் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. நீர் புகாத பையில் ஒரு வாரத்துக்கான மருந்து, தடுப்பூசி அட்டை, நாயின் சமீபத்திய படம், கயிறு, ஒரு துண்டு, கொஞ்சம் உணவு போட்டுக் கதவருகே மாட்டுங்கள். மருந்தின் காலாவதித் தேதியைப் பையின் வெளியே எழுதி ஒட்டிவிட்டால் மாற்றி வைக்க மறக்காது.