தண்டனை இழப்பீடு கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தம்பு செட்டி தெருவில் என் அறைக்கு ஜூனியர்கள் எடுத்து வரும் நுகர்வோர் புகார் மனுக்களைப் பார்த்தால், எங்கள் செட்டு சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். இரண்டு வருடக் கெடு தாண்டித் தாக்கல் செய்வது, பில்லை இணைக்க மறப்பது இதையெல்லாம் குமாஸ்தாவே பிடித்துவிடுவார். நான் சொல்ல வருவது ப்யூனிட்டிவ் டேமேஜஸ் என்னும் தண்டனை இழப்பீடு பற்றி, அதாவது நஷ்டத்தை ஈடுகட்டுவதற்கு மேல், எதிர்தரப்பின் மோசமான நடத்தைக்குத் தண்டனையாக விதிக்கும் தொகை பற்றி.

அமெரிக்கக் கணக்கை இங்கே போடுவது

“காபி கொட்டினதுக்கே மெக்டொனால்ட்ஸ் கோடிக்கணக்குல கொடுத்தாங்களாமே சார்” என்று ஆரம்பிக்காத கட்சிக்காரர் குறைவு. 1994-ல் நியூ மெக்சிகோ ஜூரி தண்டனையாகச் சொன்னது 27 லட்சம் டாலர், அந்த நிறுவனத்தின் ஏறக்குறைய இரண்டு நாள் காபி விற்பனை. காபி சுட்டுவிட்டது என்று முன்பே 700 புகார்கள் வந்தும் சூட்டைக் குறைக்கவில்லை என்பதுதான் ஜூரியைக் கோபப்படுத்தியது. அப்புறம் நீதிபதி அதை 4,80,000 டாலராக வெட்டினார். வாட்ஸப்பில் இந்தப் பகுதி வருவதில்லை.

ஜூனியர்கள் படிக்க வேண்டியது பிஎம்டபிள்யூ வழக்கை. மறுபடி பெயிண்ட் அடித்த காரைப் புதிது என்று விற்றார்கள். நஷ்டம் 4,000 டாலர், ஜூரி விதித்த தண்டனை 40 லட்சம் டாலர். மாநில உச்ச நீதிமன்றம் அதைப் பாதியாக்கியும், 1996-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதுவும் அதிகம் என்று ரத்து செய்து மூன்று கேள்விகளை வைத்தது. நடத்தை எவ்வளவு மோசம்? உண்மை நஷ்டத்துக்கும் தண்டனைக்கும் விகிதம் என்ன? இதே தப்புக்குச் சட்டம் விதிக்கும் அபராதம் எவ்வளவு? 2003-ல் ஸ்டேட் ஃபார்ம் என்ற இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் வழக்கில், அந்த விகிதம் பொதுவாக ஒற்றை இலக்கத்தைத் தாண்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டது.

நம் சிவில் வழக்கில் ஜூரி கிடையாது. நுகர்வோர் ஆணையத்தின் தலைவரும் உறுப்பினர்களும்தான் முடிவு செய்வார்கள். ஆனால் அவர்கள் முதலில் பார்ப்பதும் எதிர்தரப்பின் நடத்தையைத்தான்.

அழுகையை எழுதி, ஸ்டிக்கரை விட்டுவிடுவது

இன்னும் எரிச்சல் தீராத விஷயம் இது. தண்டையார்பேட்டையில் மாவு அரைத்து விற்கும் ஓர் அக்கா, ஒரு ஷோரூமில் ஃப்ரிட்ஜ் வாங்கினார். மூன்றாவது வாரமே மாவு புளித்துப் பொங்கியது. மெக்கானிக் பின்பக்கம் துடைக்கும்போது சீரியல் நம்பர் ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பியது. அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் வேறு நம்பர். யாரோ திருப்பிக் கொடுத்த பெட்டியைத் துடைத்துப் புதிது என்று விற்றிருக்கிறார்கள். அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டிலும் இதே கதை.

இதைவிட நல்ல வழக்கு எப்போது கிடைக்கும்? ஆனால் ஜூனியர் எழுதிய மனுவில் மூன்று பக்கம் அக்காவின் மன உளைச்சல். ஸ்டிக்கருக்கு அரை வரி. அந்த இரண்டு வீடுகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. நிவாரணப் பகுதியில் விலையைத் திருப்பிக் கொடு, மன உளைச்சலுக்கு 5 லட்சம் கொடு, அவ்வளவுதான். வாதத்தின் போது எழுந்து தண்டனை இழப்பீடும் வேண்டும் என்றார். எதிர்தரப்பு வக்கீல் அலட்டிக்கொள்ளாமல் ஜெனரல் மோட்டார்ஸ் தீர்ப்பை எடுத்து நீட்டினார். விலை வந்தது, மன உளைச்சலுக்குச் சொற்பம் வந்தது, தண்டனை வரவில்லை. “கடைசியில ‘ஆணையம் தகுந்ததெனக் கருதும் பிற நிவாரணம்’னு போட்டிருக்கோமே சார்” என்றார் ஜூனியர். அந்த வரி செலவுத் தொகைக்கு உதவும், தண்டனைக்கு உதவாது.

அந்தத் தீர்ப்பு 2014-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. விளம்பரத்தை நம்பி செவர்லே ஃபாரஸ்டர் கார் வாங்கியவரின் வழக்கு. தேசிய ஆணையம் 25 லட்சம் ரூபாய் தண்டனை விதித்தது. அதில் 5 லட்சம் புகார்தாரருக்கு, 20 லட்சம் நுகர்வோர் நல நிதிக்கு. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. புகாரில் அப்படி ஒரு கோரிக்கை இல்லை, மற்ற வாடிக்கையாளர்கள் ஏமாந்ததாக ஒரு வரி இல்லை, நிறுவனத்துக்குப் பதில் சொல்ல வாய்ப்பும் தரப்படவில்லை என்பதுதான் காரணம்.

ஆகவே எதிர்தரப்பின் நடத்தைக்குத் தனிப் பத்தி வையுங்கள். தெரிந்தே செய்தார்களா, மறைத்தார்களா, வேறு யாருக்கெல்லாம் செய்தார்கள், அதில் என்ன லாபம், வக்கீல் நோட்டீஸுக்கு என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதுங்கள். ஸ்டிக்கரைக் கிழிக்காமல் போட்டோ எடுத்து இணையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அஃபிடவிட் வாங்குங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39(1)(டி) பிரிவில், தண்டனை இழப்பீடு தர ஆணையத்துக்கு அதிகாரம் கொடுக்கும் ப்ரொவைசோவைக் குறிப்பிட்டு, தண்டனை இழப்பீட்டைத் தனி நிவாரணமாக, தொகையோடு கேளுங்கள். மன உளைச்சல் வேறு, இது வேறு. ஒன்று உங்கள் ஆள் பட்டதற்கு, மற்றது அவர்கள் செய்ததற்கு.

தொகையை ஏற்றினால் பெரிய ஆணையம் என்று நினைப்பது

அது பழைய சட்டம். இப்போது, பொருளுக்குக் கொடுத்த விலைதான் கணக்கு, கேட்கும் தொகை அல்ல. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே.

சிவில் கோர்ட்டில் கோடி கேட்பது

கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ். கட்சிக்காரரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், கோடி தானாக இறங்கிவிடும்.

எண்ணூர், மணலி ஆலை விவகாரங்களை இதோடு கலப்பது

ஆலைக் கசிவுக்கு வழியே வேறு. டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், ஆபத்தான தொழில் நடத்தும் நிறுவனம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரிய இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே அலட்சியத்தைக்கூட நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தத் தீர்ப்பை ஃப்ரிட்ஜ் வழக்கில் மேற்கோள் காட்டாதீர்கள், காட்டுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் கேட்பது

டெலிவரி நாலு நாள் தாமதமா? விட்டுவிடுங்கள்.