வைக்கோல் பரப்பும் இணைப்பைத் தேர்ந்தெடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்பைன் அறுவடை இயந்திரத்துக்கு இணைப்பு வாங்குவோர் பலர், வைக்கோல் எவ்வளவு பொடியாக நறுக்கப்படுகிறது என்பதையே பார்க்கிறார்கள். நறுக்குவது வேறு, பரப்புவது வேறு. 6 மீட்டர் அகலத்தில் அறுத்த பயிரின் வைக்கோலை 3 மீட்டருக்குள் கொட்டும் கருவி, எவ்வளவு நேர்த்தியாக நறுக்கினாலும், அந்தப் பட்டையில் இரு மடங்கு வைக்கோலைக் குவித்துவிட்டு மீதி நிலத்தை வெறுமையாக விடுகிறது. பரப்பும் அகலம் வெட்டும் அகலத்துக்கு ஈடாக இருக்க வேண்டும். அதுவும் விளம்பரத் தாளில் அச்சிட்ட அகலம் அல்ல, ஈரமான வைக்கோலிலும் பக்கக் காற்றிலும் உண்மையில் கிடைக்கும் அகலம்.

பதரை மறப்பது இதைவிடப் பெரிய தவறு என்பது என் கருத்து. வைக்கோல் ஒரு வழியாகவும், சல்லடைப் பகுதியிலிருந்து பதர், களை விதை, தப்பிய தானியம் ஆகியவை வேறொரு வழியாகவும் வெளியேறுகின்றன. வைக்கோல் நறுக்கியை மட்டும் பொருத்தினால், பதர் இயந்திரத்தின் பின்னே நீண்ட பட்டையாகப் படிந்து, அடுத்த பருவத்தில் களையும் தானாக முளைத்த பயிரும் அங்கேயே அடர்ந்து நிற்கும். குப்பை தடித்துக் கிடக்கும் இடத்தில் விதைப்புக் கருவியின் தட்டு வைக்கோலை வெட்டாமல் சாலுக்குள் மடித்துத் திணிப்பதால் விதைக்கு மண்ணின் பிடிப்புக் கிடைப்பதில்லை. மட்கும் வைக்கோல் தழைச்சத்தைத் தற்காலிகமாக இழுத்துக்கொள்வதால் இளம்பயிர் வெளுக்கிறது. ஆகவே பதருக்குத் தனிப் பரப்பி உண்டா, அல்லது பதரையும் நறுக்கிக்குள் செலுத்தும் அமைப்பு உண்டா என்பதை விலை பேசும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

நறுக்கி இன்ஜினின் திறனில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். கனத்த பயிரில் ஏற்கெனவே திணறும் இயந்திரத்தில் அதைப் பொருத்தினால் அறுவடை வேகம் குறைந்து டீசல் செலவு கூடும். வைக்கோலைக் கட்டுக் கட்டி எடுப்பவர்கள், நறுக்கியை விலக்கி வைக்கோலை வரிசையாக விழச்செய்யும் வசதியைப் பார்த்தே வாங்க வேண்டும்.

பிளேடு எளிதில் கிடைக்குமா என்று விசாரிக்காமல் வாங்குவதும் தவறு. சிலிக்கா மிகுந்த நெல் வைக்கோல் பிளேடுகளை விரைவில் மழுங்கடிக்கும். மழுங்கிய பிளேடு வைக்கோலை வெட்டாமல் நார்நாராகக் கிழிக்கும். சுழலும் பிளேடுகளில் ஒன்று பழுதானால் எதிரில் உள்ளதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையெனில் சமநிலை குலைந்து, அதிர்வில் பேரிங் கெடும்.

காற்றும் சரிவும் உள்ள நிலத்தில் வைக்கோல் ஒரு பக்கமே ஒதுங்கும் என்பதால், வீசும் திசையை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே மாற்றும் அமைப்பு கூடுதல் விலைக்குத் தகும். நின்ற பயிரில் ஓட்டிக் காட்டச் சொல்லி, அறுத்த அகலத்தின் நடுவிலும் இரு ஓரங்களிலும் ஒரே அளவுள்ள சட்டத்தை வைத்து, அதற்குள் விழுந்ததை எடைபோட்டு ஒப்பிட்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.